புசானின் பெயர் மாறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்கொரியா பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், புசான் துறைமுகத்துக்கு 2000-இல் பெயர் மாற்றினார்கள் என்று இருந்தது. மாறியது ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டுமே. 'பழம்' என்பதன் முதல் ஒலிக்குரிய ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டு, 'கோபம்' என்பதன் நடுவில் வரும் ஒலிக்குரிய எழுத்தை முதலில் வைத்தார்கள். கொரிய மொழியிலோ நம் பகரம் போல இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்: சொல்லின் முதலில் வல்லொலி, உயிர்களுக்கு நடுவில் மெல்லொலி. ஆங்கிலம் தடுமாறும் இடத்தில் தமிழுக்குச் சிக்கலே இல்லை. கொரிய நகரம் ஒன்றின் பெயரை 'தேகு' என்று எழுதி இயல்பாகப் படித்தாலே அந்த நகரத்தார் சொல்வதுபோல் வந்துவிடும். 'டேகு' வேண்டியதில்லை.

அந்தத் தேகுவே நல்ல உதாரணம். பழம்பெயர் தல்குபொல். 757-இல் சில்லா என்ற பழைய கொரிய அரசின் மன்னர் கியொங்தொக் தம் நாட்டு ஊர்ப்பெயர்களை எல்லாம் இரண்டு சீன எழுத்துக்குள் அடக்கியபோது அது தேகு ஆனது. ஆனால் 'கு'வுக்கு வைத்த எழுத்து கன்ஃபூசியஸின் இயற்பெயர். அவருக்கான வழிபாட்டு உரையிலேயே அவர் பெயரை ஊர்ப்பெயராகச் சொல்வதா என்று 1750-இல் உள்ளூர் அறிஞர் ஒருவர் மன்னர் யொங்ஜோவிடம் முறையிட்டார். மன்னர் இசையவில்லை. ஆனாலும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதே ஒலியுள்ள வேறு எழுத்து புழக்கத்துக்கு வந்துவிட்டது. காதுக்கு ஒன்றும் மாறவில்லை, கண்ணுக்கு மட்டும் மாறியது.

பெயரே மாறியதும் உண்டு. 1413-இல் மன்னர் தேஜோங், தகுதி குறைந்த ஊர்களின் 'ஜு' என்ற பட்ட ஈற்றை நீக்கினார். இன்ஜு, இன்ச்சொன் ஆனது. 1914-இல் ஜப்பானிய ஆட்சி ஊர்களை இணைத்தபோது, குவான்இன், தேசா என்ற இரண்டிலிருந்தும் ஓர் அசை எடுத்து இன்சா என்றொரு பேட்டை பிறந்தது. மஞ்சக்குப்பத்தையும் திருப்பாதிரிப்புலியூரையும் சேர்த்து 'மஞ்சப்புலியூர்' என்று பலகை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி! விடுதலைக்குப்பின் 1946-இல் தலைநகரத் தெருக்களின் ஜப்பானியப் பெயர்கள் போய், கடற்படைத் தளபதி யி சுன்-சின்னின் பட்டப்பெயரால் சுங்முரோ என்ற தெருப்பெயர் வந்தது.

பாண்டிச்சேரி 2006-இல் புதுச்சேரி ஆனது பெயர் மாற்றம். தமிழக ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்ற 2020-இல் வந்து, சில நாளில் திரும்பப் பெறப்பட்ட அரசாணை வேறு வகை. புசான் இரண்டாவது வகை.

இன்னொன்று: ஆங்கிலத்தில் 'இ', 'ஓ' என்று இரண்டு எழுத்தாகத் தெரிவது கொரியத்தில் ஒரே உயிர், ஏறக்குறைய நம் ஒகரம். எழுத்தெழுத்தாகப் படிப்பதால்தான் இன்ச்சொன் 'இஞ்சியோன்' என்று அச்சாகிறது. 'சியோல்' மட்டும் வேரூன்றிவிட்டது, அதை விட்டுவிடலாம். மற்றவற்றை இனியாவது கொரிய உச்சரிப்பைக் கேட்டு எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்