அந்தப் பின் ஸ்பீக்கர்களை 110 பாகைக்குக் கொண்டுவாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மின்னிசைச் சிறப்புப் பகுதியில், 'ஸ்டீரியோவில் முடித்த பாட்டைக் கடைசியில் ஒரு பிளகினில் கொடுத்தால் போதும், சுற்றொலி தயார்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. ஒலிப்பதிவு பற்றி இத்தனை ஆண்டுகள் எழுதிவரும் தங்களுக்கு, அந்த பிளகின் (ஒலி மென்பொருளோடு சேர்க்கும் துணைநிரல்) என்ன செய்கிறது என்று தெரியாமல் இருக்காது. இடது, வலது இரண்டிலும் பொதுவாக இருப்பதை முன்னால் நிறுத்துகிறது; இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னால் தள்ளுகிறது. ஸ்டீரியோ மிக்ஸில் அந்த வேறுபாடு பெரும்பாலும் ரிவெர்பும் (அறை எதிரொலிப்பு), கோரஸ் போட்டு அகலமாக்கிய சின்தசைசரின் நீள ஒலியான பேடும்தான். ஆகவே பின்னால் கேட்பது ரிவெர்பின் வாலும் அந்தப் பேடும் மட்டுமே. அதையே திரும்ப ஸ்டீரியோவாக மடக்கினால், பிளகின் சேர்த்த தாமதங்கள் மூல ஒலியோடு மோதி, அலைவரிசைகள் சீப்புப் பல் மாதிரி இடைவிட்டு அறுபடும்.

மின்னிசையில் ஒலி எங்கிருந்து வருகிறது என்பது சுருதி, தாளம் போலத் தொடக்கத்திலேயே முடிவாக வேண்டியது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் 1956 மே 30 அன்று கொலோன் வானொலி அரங்கில் ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலிகளையும் ஐந்து ஸ்பீக்கர் தொகுதிகளில் ஒலிக்கவிட்டார். 1958 முதல் 1960 வரை உருவான 'கொண்டாக்டே' என்ற படைப்புக்காக அவர் செய்ததைப் பாருங்கள். ஒரு சுழல்மேசையின் மேல் ஸ்பீக்கர், சுற்றிலும் நான்கு மைக். மேசையைக் கையால் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு மைக்கும் வாங்கியது நான்கு டிராக் டேப்பில் தனித்தனியே ஏறும். ஸ்பீக்கரின் முகம் மைக்கின் பக்கம் திரும்பும்போது சத்தம் கூடுவதோடு உயர் அலைவரிசைகளும் துலங்கும்; விலகும்போது மங்கும். இன்று மென்பொருளின் ஆட்டோமேஷன் கோட்டில் சத்தத்தை மட்டும் நகர்த்துபவர்களுக்கு ஒலி சுழலாமல் ஸ்பீக்கர் விட்டு ஸ்பீக்கர் தாவுகிறதே, அங்கே இந்த மாற்றம் இல்லை. பின்பக்கம் போகும்போது உயர் அலைவரிசைகளைத் தடுக்கும் லோபாஸ் ஃபில்டரைக் கொஞ்சம் மூடி, முன்னால் வரும்போது திறந்துவிட்டால் தாவல் வெகுவாகக் குறையும்.

எந்த ஒலியை நகர்த்துகிறோம் என்பதும் முக்கியம். மெதுவாக எழும் சைன் அலையை (ஒரே அலைவரிசை கொண்ட தூய ஒலி) அறையில் எங்கே வைத்தாலும் காது திசை பிடிக்காது. அதன் தொடக்கத்தில் 5 அல்லது 10 மில்லி விநாடிக்கு ஒரு நாய்ஸ் (இரைச்சல்) சொடுக்கு சேர்த்தால் உடனே பிடித்துவிடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசை அநேகமாகத் தெரியாது. கிக் டிரம்மையும் பேஸையும் முன்னால் நிறுத்திவிட்டு, ஹைஹாட், கிளிக் போன்றவற்றைச் சுற்றவிட வேண்டும்.

கூடவே வந்த படமும் தவறு. 5.1 அமைப்பின் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு தாழ்ஒலிச் சேனல்) பின் ஸ்பீக்கர்களை அறையின் பின் மூலைகளில் வரைந்திருக்கிறீர்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, கேட்பவரின் நேர் முன்திசையிலிருந்து 100 முதல் 120 பாகை. முன் ஸ்பீக்கர் 30 பாகையில் இருக்க, பின்னதை 110இல் வைத்தாலே நடுவில் 80 பாகை இடைவெளி. பக்கவாட்டில் ஒலி நிலைகொள்ள அதுவே சிரமம். மூலைக்குத் தள்ளி 150இல் வைத்தால் இடைவெளி 120 பாகையாகிவிடும். சின்ன அறையில் பின் ஸ்பீக்கர் முன்னதைவிட 70 செ.மீ. கிட்டே வந்துவிட்டால், அதற்கு 2 மில்லி விநாடி தாமதம் கொடுக்க வேண்டும். இல்லையேல் காது முதலில் எட்டும் ஒலியின் பக்கமே சாயும். பிறகு பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை விட்டு, உட்காரும் இடத்தில் மீட்டர் பிடித்து, ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரே டெசிபல் காட்டும்வரை சரிசெய்ய வேண்டும். இதில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை. விலைப்பட்டியலுக்கு அரைப்பக்கம் கிடைத்திருக்கிறது.

இது முதல் முறையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி முறைக்கு 128 ஸ்பீக்கர் வேண்டும் என்று முன்பு எழுதினீர்கள். 128 என்பது உள்ளே போகும் ஒலித்தடங்களின் கணக்கு: பெட்டுக்கு (இடம் மாறாத சேனல்கள்) 10, ஆப்ஜெக்டுகளுக்கு (தனித்தனியே நகர்த்தும் ஒலிகள்) 118. வீட்டில் 7.1.4 அமைப்புக்கு (சுற்றிலும் 7, தாழ்ஒலிக்கு 1, மேலே 4) 12 ஸ்பீக்கர் போதும். அதற்கும் முன்பு, 5.1இன் 'பாயின்ட் ஒன்' என்றால் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) என்று கேள்வி பதிலில் சொன்னீர்கள். அது ஸ்பீக்கர் அல்ல, எல்எஃப்இ என்ற தாழ்ஒலி விளைவுகளுக்கான தனிச் சேனல். கிக்கை எல்எஃப்இ சேனலில் மட்டும் போட்ட செஷன்கள் என் மேசைக்கு இன்றும் வருகின்றன. அந்தச் சேனல் மற்றவற்றைவிட 10 டெசிபல் கூட்டி ஒலிக்கும். அறையில் நெஞ்சில் இடிக்கும். ஸ்டீரியோவாக மடக்கும்போது பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். செல்போனில் கேட்டால் கிக்கே இருக்காது. கிக் முழுதாக முன் ஸ்பீக்கர்களில் இருக்க வேண்டும். தாழ்ந்த பகுதியைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்ப பேஸ் மேனேஜ்மென்ட் இருக்கிறது.

இரண்டு முறையும் கடிதம் எழுதினேன். திருத்தம் வரவில்லை, கடிதம் கிடைத்தது என்று ஒரு வார்த்தையும் இல்லை. தங்கள் இதழைப் பார்த்துத்தான் பலர் ஸ்பீக்கர் வைக்கிறார்கள் என்பதால் மனம் கேட்காமல் மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

அடுத்த இதழில் அந்தப் படத்தை 110 பாகைக்கு மாற்றி வெளியிட்டு, பிளகின் வரிக்கு நான்கு வரியில் திருத்தம் போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சரியான படத்தை அளவோடு வரைந்து இணைத்திருக்கிறேன். தனி இடம் இல்லையென்றால் விலைப்பட்டியலுக்குக் கீழே போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்