ரன்னுன்னா ஓடுறது மட்டும் இல்ல தங்கம்

தங்கம்,

நேத்து போன்ல நீ சொன்னதுலேர்ந்து அதே நெனப்பாவே இருக்கு, வாய்ஸ் நோட்ல சொன்னா பாதி விட்டுப்போகும்னு உக்காந்து டைப் பண்றேன், டூட்டி இல்லாதப்போ படி. வார்டுல அந்த சீனியர் நர்ஸ் "ஐ வில் ரன் இட் பை தி கன்சல்டன்ட்"னு சொன்னதும் எதுக்கு ஓடப்போறாங்கன்னு முழிச்சேன், எக்ஸாம் எல்லாம் எழுதி பாஸாகி இவ்ளோ தூரம் வந்து இத்துனூண்டு வார்த்தை தெரியலையேன்னு அழுகையா வந்துச்சுன்னு சொன்னே பாரு, அது உன் இங்கிலீஷ் கொறைச்சல் இல்லம்மா. ரிட்டயர் ஆகுற வரைக்கும் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் எடுத்தவ சொல்றேன், அந்த வார்த்தையே அப்படித்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் டிக்‌ஷனரியில ரன்ங்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம் பிரிச்சிருக்காங்க. பீட்டர் கில்லிவர்னு ஒருத்தர், அங்க வேலை பாத்த அகராதிக்காரர், இந்த ஒரே சொல்ல ஒழுங்குபடுத்த அவருக்கு ஒம்போது மாசம் ஆச்சாம். 1989-ல 20 வால்யூமா வந்த பதிப்புல செட்ங்கிற வார்த்தைதான் 430 அர்த்தத்தோட முதல் எடத்துல இருந்துச்சு, அப்புறம்தான் ரன் முந்திக்கிச்சு. பிரிட்டன்லயே பொறந்து வளந்தவங்களுக்குக் கூட இது அத்தனையும் தெரியாது, அவங்க புழங்குற எடத்துல என்ன வேணுமோ அதத்தான் தெரிஞ்சு வச்சிருப்பாங்க. உனக்கும் உன் வார்டுக்கு வேண்டியது வந்தா போதும்.

அந்த கன்சல்டன்ட் விஷயத்துக்கு அர்த்தம், டாக்டர் காதுல ஒரு வார்த்தை போட்டு அவர் என்ன சொல்றாருன்னு கேட்டுக்குறேன், அவ்ளோதான். பேஷன்ட் "ரன்னிங் எ டெம்பரேச்சர்"னா காய்ச்சல் அடிக்குது. வயசானவங்க யாராவது ரொம்ப கூச்சத்தோட "ஐ ஹாவ் காட் தி ரன்ஸ்"னு சொன்னா வயித்தால போகுதுன்னு அர்த்தம், அதக் கேட்டு நீ முழிச்சா பாவம் அவங்க இன்னொரு தடவ சொல்ல வெக்கப்படுவாங்க, இத மட்டும் நல்லா மனசுல ஏத்திக்கோ. மூக்கு ஒழுகுனா ரன்னி நோஸ். க்ளவ்ஸ் தீந்துபோச்சுன்னா ரன் அவுட். சுகர் "ரன்ஸ் இன் தி ஃபேமிலி"ன்னா நம்ம வீடு மாதிரி பரம்பரையா வருது. டெஸ்ட் எடுக்குறதும் ரன், க்ளினிக் லேட்டா போறதும் ரன்னிங் லேட். ட்ரிப்ஸ் நம்ம ஊர்ல ஏறும், அங்க ரன் ஆகும்.

இதெல்லாம் தனித்தனியா மனப்பாடம் பண்ணாத. நம்ம ஓடுங்கிற சொல்லயே எடுத்துக்கோயேன், ஃபேன் ஓடுது, படம் ஓடுது, பொழப்பு ஓடுது, வருஷம் ஓடிப்போச்சு, கொடி பந்தல்ல ஓடுது, உடம்புல ரத்தம் ஓடுது, பதட்டத்துல கையும் ஓடல காலும் ஓடல. இதுல எதுக்கும் நீ நின்னு யோசிச்சதே இல்லல்ல? ஏதோ ஒண்ணு நிக்காம போய்க்கிட்டே இருக்குங்கிற ஒரே எண்ணம்தான் அத்தனைக்கும் அடியில இருக்கு, ரன்னுக்கும் அதேதான். ஒரு வித்தியாசம், நமக்கு தானா ஓடுனா ஓடுது, இன்னொருத்தர் ஓட வச்சா ஓட்டுறாங்க, பஸ் ஓடுது, பஸ்ஸ ஓட்டுறாங்க, கடைய ஓட்டுறாங்க. பழைய இங்கிலீஷ்லயும் இப்படி ரெண்டு தனிச் சொல் இருந்துச்சு, போகப்போக ரெண்டும் ஒண்ணா கலந்து ரன்னுன்னு ஆயிடுச்சு. அதனாலதான் தி பஸ் ரன்ஸ், ஷி ரன்ஸ் தி வார்டு ரெண்டுக்கும் அதே சொல். அப்புறம் மெஷினுங்க காலம் வந்துச்சு, மில்லு, ரயிலு, மோட்டாரு, கடைசியில கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் வரைக்கும் எல்லாமே ரன் ஆக ஆரம்பிச்சு அர்த்தம் பெருகிக்கிட்டே போச்சு.

இன்னொண்ணு எனக்கு எப்பவும் பிடிக்கும், க்ளாஸ்ல சொல்றதுன்னா அவ்ளோ ஆசை. அமெரிக்காவுல எலெக்‌ஷனுக்கு ரன் பண்ணுவாங்க, நீ இருக்குற பிரிட்டன்ல ஸ்டாண்ட் பண்ணுவாங்க, நம்ம ஊர்லயும் தேர்தல்ல நிக்கத்தான் செய்வாங்க. ஸ்டாக்கிங்ஸ்ல நூல் விட்டுப்போனா அமெரிக்காக்காரங்களுக்கு அது ரன், அங்க உங்களுக்கு லேடர்.

உண்மையில ஆள கொழப்புறது பின்னால வர்ற குட்டி வார்த்தைங்கதான், காத அங்க வை. ரன் த்ரூன்னா ஒரு தடவ மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சொல்லிக்காட்டுறது. ரன் இன்டுன்னா எதிர்பாராம யாரையாவது பாக்குறது, இல்ல சிக்கல்ல மாட்டுறது. உடம்பு ஓஞ்சு கெடந்தா ரன் டவுன், ஒருத்தர மட்டம் தட்டிப் பேசுனாலும் ரன் டவுன். மோசமானது ரன் ஓவர், வண்டி ஆள் மேல ஏறுனாலும் அதுதான், மீட்டிங் நேரம் தாண்டி இழுத்தாலும் அதுதான், "ரன் இட் ஓவர் ஃபோர் அவர்ஸ்"னா அந்த ட்ரிப்ஸ நாலு மணி நேரத்துல ஏத்தி முடிக்கணும்.

இந்த கடைசி எடத்துல மட்டும் யூகம் வேண்டவே வேண்டாம் தங்கம். கொஞ்சம் காதுல சரியா விழலன்னாலும் "ஓவர் ஃபோர் அவர்ஸ், இஸ் தட் ரைட்?"னு திருப்பி சொல்லிக் கேளு, சார்ட்ட ஒரு தடவ பாத்துக்கோ. அப்படி கேக்குற நர்ஸ நல்ல ஆளுங்க யாரும் கொறச்சு நெனைக்க மாட்டாங்க, அப்படியே ஒருத்தர் மூஞ்ச சுளிச்சாலும் பரவால்ல, பெட்ல கெடக்குறது ஒரு உசுரு.

அப்பா பக்கத்துல உக்காந்து எட்டிப் பாத்துக்கிட்டே இருக்காரு, குளிருக்கு அந்த கம்பளி சாக்ஸ் போடுறியான்னு கேக்க சொல்றாரு. எனக்கு ஒரு சந்தேகம், திடீர்னு காய்ச்சல் ஏறுனா உங்க வார்டுல ரன்னிங்னு சொல்றாங்களா ஸ்பைக்கிங்னு சொல்றாங்களா? இந்த வாரம் கவனிச்சுட்டு சொல்லு.

அம்மா