மூக்கைத் தூக்கிவிட்டவர்களுக்கு நன்றி

கணினி விளையாட்டில் நான் கட்டிய விமானம் பறக்கிறது, நண்பர்களே. இறக்கையை 68 டிகிரி வரை பின்னுக்கு மடக்கி, ஒலியின் வேகத்தையும் தாண்டி, மூக்கு கவிழாமல் பறக்கிறது. படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். நடந்த கூத்தெல்லாம் உங்களுக்கே தெரியும்: இறக்கையை மடக்கினாலே மூக்கு கவிழ்கிறது, என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன்.

முதல் நன்றி ஒருவருக்கு. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு முன் நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. என் விமானத்தின் கணினிக் கோப்பைத் திறந்து சரிசெய்து அனுப்பியிருந்தால் அவருக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். அதற்குப் பதில், விமானத்தை மேலிருந்து படம் எடுத்து, 20, 35, 50, 68 என்று நான்கு கோணங்களிலும் தூக்குவிசை மையம் எங்கே போய் நிற்கிறது என்று நீலப் புள்ளி வைத்திருந்தார். எடை மையத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி. இறக்கை மடங்க மடங்க நீலம் வாலைப் பார்த்து ஓடுகிறது. சிவப்பு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கிறது. தூக்குவது பின்னால், கனம் முன்னால். மூக்கு கவிழாமல் என்ன செய்யும்? படத்துக்குக் கீழே ஒரே வரி: “கீலை உடம்பை விட்டு வெளியே தள்ளுங்கள், உள்பக்கத் துண்டு அசையாமல் நிற்கட்டும்.” கீல் என்றால் இறக்கை திரும்பும் மூட்டு.

50 டிகிரிப் புள்ளியை ஒரு தடவை வைத்து, அழித்து, அரை விரல் தள்ளி மறுபடி வைத்த தடம் படத்தில் தெரிகிறது. முன்பின் தெரியாத ஒருவனின் விளையாட்டு விமானத்துக்காக மனுஷர் இரண்டாவது முறை அளந்திருக்கிறார்! அந்த அழித்த தடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொன்னபடியே செய்தேன். வெளி இறக்கை பின்னால் போனாலும், அசையாத உள்துண்டு தன் பங்குத் தூக்குவிசையை முன்னாலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. இப்போது நீலப் புள்ளிகள் நான்கும் நெருங்கி நிற்கின்றன. 1951-ல் பறந்த பெல் எக்ஸ்-5 என்ற அமெரிக்கச் சோதனை விமானத்தில் இதே தொல்லைக்காக, இறக்கை மடங்கும்போது அதன் அடிப்பகுதியையே தண்டவாளத்தில் முன்னுக்கு நகர்த்தினார்கள். நானும் அந்த வழியில் இறங்கத்தான் இருந்தேன். பிறகு வந்த எஃப்-111, எஃப்-14 போர் விமானங்கள் எல்லாவற்றிலும் கீல் வெளியேதான். அதற்காக ஒரேயடியாக வெளியே தள்ளிவிடவும் முடியாது. சோவியத் போர் விமானமான சுகோய்-17-ல் இறக்கையின் வெளிப்பாதி மட்டுமே அசையும். விரித்து மடக்குவதால் கிடைக்கும் லாபமும் அந்த அளவுக்குக் குறைவு.

அப்புறம், எரிபொருளில் கொஞ்சத்தைப் பின் தொட்டிக்கு மாற்றச் சொன்னவர், வேகம் ஒலியைப்போல் எத்தனை மடங்கு என்று காட்டும் மாக் எண்ணைப் பார்த்து இறக்கை தானாக மடங்கும்படி சூத்திரம் எழுதிக்கொடுத்தவர், சலிக்காமல் ஓட்டிப்பார்த்துத் தரையில் மோதிக்காட்டிய புண்ணியவான்கள், எல்லாருக்கும் நன்றி. இனி யாராவது “மூக்கு கவிழுது” என்று வந்தால், கோப்பைத் திருத்திக் கையில் கொடுத்து அனுப்பமாட்டேன். உட்கார்ந்து புள்ளி வைத்துக் கொடுப்பேன். இது சத்தியம்.

கோப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் பாக்கி: இறக்கைக்கு அடியில் ஏவுகணை மாட்டும் தாங்கிகள் இறக்கையோடு சேர்ந்து திரும்பிவிடுகின்றன. எஃப்-111-ல் இருப்பதுபோல அவை எப்போதும் நேராகவே பார்க்கும்படி செய்ய வேண்டும். அதுவரை ஏவுகணைகளை உடம்புக்கு அடியிலேயே மாட்டி ஓட்டுங்கள்.