பிஸ்காட்டி மெத்தென்று வர வேண்டியதில்லை

அன்புள்ள மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். புது ஓடிஜி (சின்ன மின்சார அவன்) வாங்கிவிட்டாய், கிறிஸ்துமஸுக்கு உன் ஆபீஸ் தோழிகளுக்கு மசாலா மணக்கும் பிஸ்காட்டி, அதாவது இரண்டு தடவை சுடுகிற இத்தாலி பிஸ்கட், செய்து கொடுக்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் நீ அனுப்பிய செய்முறையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மாவில் பாதி அளவுக்கு வெண்ணெய், அது போதாதென்று எண்ணெய், "வாயில் வைத்தால் கரையும்" என்ற உத்தரவாதம் வேறு. வாயில் கரைவதற்கு எதற்கு மக்களே பிஸ்காட்டி? நம் தூத்துக்குடி மக்ரூன் இருக்கிறதே.

இத்தாலியில் ஃப்ளாரன்சுக்குப் பக்கத்தில் பிராத்தோ என்று ஒரு ஊர். நெசவுக்குப் பேர்போனது. அங்கே அந்தோனியோ மத்தேயி என்பவர் 1858-இல் தொடங்கிய கடை இன்றைக்கும் நடக்கிறது. நீலக் காகிதப் பையில் போட்டுக் கயிறு கட்டித் தருவார்கள். உள்ளே இருப்பது மாவு, சர்க்கரை, முட்டை, பாதாம், பைன் விதை, அவ்வளவுதான். வெண்ணெயும் இல்லை, எண்ணெயும் இல்லை. கடித்தால் பல்லுக்கு வேலை வைக்கும். அதனால்தான் பிராத்தோ இருக்கிற டஸ்கனி மாநிலத்துக்காரர்கள் சாப்பாடு முடிந்ததும் வின் சாந்தோ என்கிற இனிப்பு ஒயினில் முக்கித் தின்கிறார்கள். பழுத்த திராட்சையைப் பறித்ததும் பிழியாமல், கயிற்றில் தொங்கவிட்டோ பாயில் பரப்பியோ வற்றவைத்து, அப்புறம் பிழிந்து சின்னப் பீப்பாய்களில் வருஷக் கணக்கில் கிடத்தி எடுக்கிற ஒயின் அது. நம் நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் பரணியில் திராட்சை ஒயின் ஊறவைப்பார்களே, அதில் முக்கினாலும் அருமையாக இருக்கும். ஒயின் வேண்டாம் என்றால் கடுங்காப்பி.

வெண்ணெய் எப்படி உள்ளே நுழைந்தது என்றால், அமெரிக்காவில் காப்பிக் கடைகளில் கண்ணாடி ஜாடிக்குள் நிற்கிற பிஸ்காட்டி பலதும் வெண்ணெய் சேர்த்ததுதான். முக்காமலே கடிக்கலாம் என்பதற்காக. கொழுப்பு மாவைச் சூழ்ந்துகொண்டால் மாவின் பசை இறுகாது, பண்டம் பொலபொலவென்று வரும். உடனே தின்பதற்கு அது தப்பில்லை. கூரியரில் போட்டால் பாதி தூளாகத்தான் போய்ச் சேரும். நாளாக ஆக வெண்ணெய் சிக்கு வாடையும் அடிக்கும்.

நீ செய்யப் போவது பரிசு. அதற்கு வேண்டியது வறட்சி. ரஸ்க் எப்படி? ரொட்டியைச் சுட்டு, வெட்டி, மறுபடி காயவைக்கிறார்கள். பிஸ்காட்டிக்கும் அதே வேலைதான். முதல் சூட்டில் வேகிறது, இரண்டாவது சூட்டில் ஈரம் போகிறது. ஈரம் போனால் பூசணம் வராது, மூடி இறுக்கமான டப்பாவில் இரண்டு மூன்று வாரம் தாராளமாக இருக்கும். இருபத்துநான்காம் தேதி உன் அம்மா முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் வைத்துக்கொண்டு அடுப்படியில் வேர்த்து நிற்பாளே, நீ டிசம்பர் பத்துக்குள்ளேயே எல்லாம் முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு இருக்கலாம்.

மசாலா விஷயத்துக்கு வருகிறேன். பிராத்தோ பிஸ்கட்டில் மசாலா கிடையாது. ஆனால் அதே டஸ்கனியில் சியனா என்ற ஊரில் கிறிஸ்துமஸ் என்றாலே மசாலாதான். பான்ஃபோர்த்தே என்று பாதாமும் தேனும் போட்டு ஒரு கெட்டிப் பண்டம் செய்வார்கள், அதில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், கொத்தமல்லி விதைகூட உண்டு. அமெரிக்காவுக்குப் போன இத்தாலியர்களின் கிறிஸ்துமஸ் பிஸ்காட்டியில் சோம்பு மாதிரி ஒரு விதை, அனீஸ் என்பார்கள், அது மணக்கும். அனீஸுக்கு மணம் தருகிற அதே அனெத்தோல் நம் சோம்பிலும் இருக்கிறது. ஆகவே கடை கடையாக அலையாதே. சோம்பை லேசாக வறுத்து ஒன்றிரண்டாக இடித்துப் போடு.

பட்டையில் மட்டும் கொஞ்சம் பார்த்து வாங்கு. மளிகைக் கடையில் சும்மா பட்டை என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் காசியா என்கிற தடிமனான வகை. பிரியாணிக்கு அது சரி. பிஸ்கட்டுக்கு இலங்கைப் பட்டை கேள். மெல்லிய ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், கையாலேயே நொறுக்கலாம். வாசனை அடக்கமானது, ஆரஞ்சுத் தோலோடு சண்டை போடாது. கிராம்பு நம் ஊர்ச் சரக்கு. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அந்தப் பெருமையில் அள்ளிப் போட்டுவிடாதே. கிராம்பில் இருக்கும் யூஜினால் நாக்கை மரக்கவைத்துவிடும், அப்புறம் பல்வலி மருந்துதான் ஞாபகம் வரும். நாலு போதும். பொடித்து விற்கிற கலவைப் பாக்கெட் எதுவும் வேண்டாம். இவ்வளவு சின்ன அளவை உரலில் இடித்துச் சலிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அளவு சொல்கிறேன். மைதா 250 கிராம், சர்க்கரை 150 கிராம், தோலோடு முழுப் பாதாம் 120 கிராம், முட்டை இரண்டு. பட்டைத்தூளும் இடித்த சோம்பும் ஒவ்வொரு டீஸ்பூன், சுக்குத்தூள் அரை டீஸ்பூன், கிராம்பு, கொஞ்சம் ஜாதிக்காய்த் துருவல், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஆரஞ்சின் தோல் துருவல். வெள்ளைப் பகுதி வரை துருவினால் கசக்கும். பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன் போடலாம். பழைய முறைக்கு அது தேவையில்லை, ஆனால் முதல் தடவை செய்கிறவளுக்குக் கொஞ்சம் இளக்கம் கொடுக்கும், போடு. வெளிநாட்டுச் செய்முறைகளில் சொல்கிற முட்டை நம் கடை முட்டையைவிடப் பெரிது. அதனால் மாவு உதிரியாகவே நின்றால் ஆரஞ்சுச் சாறு ஒரு ஸ்பூன் விட்டுப் பார். தண்ணீர் ஊற்றிச் சப்பாத்தி மாவாக்கிவிடாதே. கையில் ஒட்டுகிற பதம்தான் சரியான பதம். கையை நனைத்துக்கொண்டு உருட்டு.

பாதாமை முதலில் வெறும் ஓடிஜியில் எட்டுப் பத்து நிமிஷம் வறுத்து ஆறவை. பாதாமையும் சேர்த்துப் பிசைந்த மாவை இரண்டு உருளையாக்கி, நாலு விரல் அகலத்துக்கு லேசாகத் தட்டி, பட்டர் பேப்பரில் இடைவெளி விட்டு வை. பரவும். 175 டிகிரியில் 25 முதல் 30 நிமிஷம். மேலே வெளிர் பொன்னிறம் வந்து, நடுவில் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். சின்ன ஓடிஜியில் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் அடி சீக்கிரம் கருகும். தட்டை நடு அடுக்கில் வை, பாதியில் ஒரு தடவை திருப்பிவிடு.

வெட்டுவதுதான் இதில் சூட்சுமம். எடுத்த உடனே வெட்டினால் பிய்ந்து வரும். முழுக்க ஆறவிட்டால் கத்தி பட்டதும் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பத்துப் பதினைந்து நிமிஷம், கை பொறுக்கிற சூடு. பல்லுள்ள பிரெட் கத்தியால் ரம்பம் இழுப்பது மாதிரி மெல்ல இழுத்து, சாய்வாக, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் வெட்டு. அழுத்தி நறுக்கினால் பாதாம் மாவைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். துண்டுகளைப் படுக்கவைத்து 150 டிகிரியில் ஒரு பக்கம் பத்து நிமிஷம், திருப்பிப்போட்டு இன்னொரு பத்து. சூட்டோடு தொட்டால் நடுவில் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். பயந்துபோய் இன்னும் இருபது நிமிஷம் வைக்காதே. ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடு, இல்லையென்றால் உள்ளே ஆவி பிடித்து எல்லாம் நமத்துவிடும்.

நீ இருக்கிற பெங்களூரில் டிசம்பர் வறண்டிருக்கும், பிரச்சினை இல்லை. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை ஓயாத வருஷத்தில் சர்க்கரை சேர்ந்த எதுவும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படி நமத்தாலும் தூக்கிப் போட வேண்டியதில்லை. 150 டிகிரியில் பத்து நிமிஷம் காட்டினால் பழையபடி ஆகிவிடும். வெண்ணெய் பிஸ்கட்டில் இப்படி மீட்டெடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

பாதியைச் சாக்லேட்டில் முக்கலாமா என்று கேட்டிருந்தாய். இவ்வளவு பாடுபட்டு இடித்த மசாலாவைச் சாக்லேட் அமுக்கிவிடும் என்பது என் எண்ணம். ஆசையாக இருந்தால் நாலு துண்டு முக்கிக்கொள், மீதியை விட்டுவிடு.

ஒன்று முக்கியம். இதில் முட்டை இருக்கிறது. பிஸ்கட்தானே என்று உன் ஆபீஸில் சைவக்காரர்கள் யோசிக்காமல் எடுத்து வாயில் போட்டுவிடுவார்கள். கொடுக்கும்போதே சொல்லிவிடு, பொட்டலத்தின் மேலும் எழுதி ஒட்டு. பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் அதற்கும் அதுவே எச்சரிக்கையாகட்டும்.

ஓரத்தில் வருகிற முனைத் துண்டுகள் வடிவமாக இருக்காது, பரிசுக்கு ஆகாது. அவை செய்கிறவளுக்கு.

அன்புடன்,
சித்தி