குப்பைக் கிடங்குக்கு முன் சாயச் சோதனை நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்: ஊற்றுநீரைக் குடித்து வாழும் மலையடிவார மக்கள்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்
பொருள்: சுண்ணாம்புக்கல் மலையில் நிலத்தடி நீர்ப்பாதையை அறியாமல் கிடங்கு அமைக்க வேண்டாம் எனக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முகட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் குப்பைக் கிடங்கு வரப்போவதாக அறிந்து விசாரித்தோம். "நடுவில் முகடு இருக்கிறதே, அங்கே பெய்யும் தண்ணீர் அந்தப் பக்கமே போய்விடும்" என்று பதில் வந்தது. கருங்கல் மலையாக இருந்தால் நாங்களும் பெரும்பாலும் ஒப்புக்கொண்டிருப்போம். இது சுண்ணாம்புக்கல் மலை.

மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி இந்தக் கல்லைக் கரைக்கிறது. வெடிப்புகளிலும் அடுக்குகளின் இடுக்குகளிலும் இறங்கி, நெடுங்காலத்தில் அவற்றையே குகைகளாக்கிவிடுகிறது. அடியில் களிப்பாறை வந்துவிட்டால் கரைக்கவும் முடியாது, எளிதில் இறங்கவும் முடியாது. சரி, அப்புறம் எங்கே போகும்? பெரும்பாலும் அடுக்கு சாய்ந்திருக்கும் பக்கம்தான். மேலே முகடு எங்கே நிற்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் ஊற்றை ஒருமுறை வந்து பாருங்கள். மேலே வெளிறிய சுண்ணாம்புக்கல், கீழே நகத்தால் கீறினாலே பொடி உதிரும் கறுத்த களிப்பாறை. இரண்டும் சேரும் கோட்டில்தான் தண்ணீர் கசிந்து வருகிறது. அடுக்குகள் எங்கள் பக்கமாகச் சரிந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். கிடங்குக்குக் குறித்த பள்ளத்தில் ஓர் ஓடை குழிக்குள் இறங்கி மறைகிறது. எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் தேங்காது. மறுநாள் எங்கள் ஊற்றுதான் கலங்கி வரும். மணலில் ஊறி வரும் நீர் ஓரளவு வடிகட்டப்படும். குகை வழியே வருவது குழாயில் வருவது மாதிரி, அழுக்கோடு அப்படியே வந்து சேரும்.

1891இல் பிரான்சின் குகை ஆய்வாளர் மார்ட்டெல் இப்படிப்பட்ட ஊற்றுநீரைக் குடித்து நோயில் விழுந்தார். மேலே இருந்த குழியில் செத்த கன்று கிடந்தது. 1902இல் அந்நாட்டுச் சட்டம் இத்தகைய குழிகளில் செத்த விலங்குகளைப் போடுவதைத் தடை செய்தது. ஜெர்மனியில் 1877இல் தான்யூப் ஆறு தரைக்குள் மறையும் இடத்தில் சாயம் கலந்தார்கள். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆக் ஊற்றில் இரண்டரை நாளில் அது தெரிந்தது. தான்யூப் கருங்கடலுக்குப் போகிற ஆறு. ஆக் ஊற்றின் நீரோ ரைன் வழியாக வடகடலுக்குப் போகிறது. அதாவது, நடுவில் இருக்கும் மேட்டைத் தண்ணீர் தரைக்கடியில் தாண்டிவிட்டது.

அதே சோதனையைத்தான் இங்கும் கேட்கிறோம். நிலவியலாளர் ஒருவர் அடுக்குகளின் சாய்வை அளக்கட்டும். ஓடை மறையும் குழியில் தீங்கற்ற சாயம் கலந்து, முகட்டின் இரு பக்கத்து ஊற்றுகளையும் கண்காணிக்க வேண்டும். கோடையில் ஒருமுறை ஊற்றிவிட்டு முடித்துவிட வேண்டாம்; வெள்ளக் காலத்தில் நீர்மட்டம் ஏறி, மேல்குகைகள் வழியே வேறு பக்கம் திரும்பக்கூடும். முடிவு வரும்வரை பணியை நிறுத்திவைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலையடிவார மக்கள்