பிள்ளைகள் சின்னவர்கள் என்பது பதில் அல்ல: சிங்கப்பூர் குடும்பச் சுற்றுலா பற்றிய புகார்

கல்லடி,
மட்டக்களப்பு.

முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: உங்கள் நிறுவனம் ஏற்பாடு செய்த சிங்கப்பூர் குடும்பச் சுற்றுலாவின் குறைபாடுகளும் நான் கேட்கும் நிவாரணமும்

ஐயா,

உங்கள் பதில் கடிதம் கிடைத்தது. "பிள்ளைகள் மிகவும் சிறியவர்களாக இருந்தபடியால் ஏற்பட்ட அசௌகரியங்களுக்கு நிறுவனம் பொறுப்பேற்க முடியாது" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அதற்கு முதல் தொலைபேசியில் பேசிய உங்கள் உத்தியோகத்தரும், "இவ்வளவு சின்னப் பிள்ளைகளோட தீம் பார்க் போனா அப்படித்தான் அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார். இதை நான் ஏற்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் வயது உங்களுக்குத் தெரியும். மகனுக்கு ஆறு, மகளுக்கு மூன்று. பதிவு செய்யும்போதே இருவரின் கடவுச்சீட்டுப் பிரதிகளையும் தந்தோம். அதைப் பார்த்த பிறகுதான் "இந்தப் பெக்கேஜ் சின்னப் பிள்ளைகளுக்கென்றே போட்டது" என்று உங்கள் மட்டக்களப்புக் கிளையில் சொன்னார்கள். விற்கும்போது பொருத்தமாக இருந்த வயது, புகார் வந்ததும் எப்படிக் குற்றமானது?

இந்த வயதில் கொண்டுபோகலாமா வேண்டாமா என்று எங்கள் வீட்டிலும் நிறையப் பேசினோம். மாமிக்கு விருப்பமே இல்லை. "பச்ச மண்ணுகளக் கொண்டு போய் என்னத்தக் காட்டப் போறீங்க? வளந்தா மறுகா போகலாந்தானே. பாசிக்குடாவுக்குக் கூட்டிட்டுப் போங்க, இடுப்பளவு தண்ணியில நாள் முழுக்க விளையாடுங்கள்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாசிக்குடாக் கடல் எங்களுக்கு ஒரு மணித்தியாலப் பயணம், செலவும் இல்லை. என் கணவர் மறுபக்கம் நின்றார். பிள்ளைகள் வளர்ந்த பிறகு எல்லாம் நினைவில் இருக்க வேண்டும் என்பதற்காகவா நாங்கள் கோயில் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம், அந்த நேரத்துச் சந்தோஷம் போதாதா என்று கேட்டார். எனக்கு அவர் பேச்சே சரியென்று பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போகிற பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் போக்குவரத்தில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் நாங்களாகப் போகாமல் உங்களிடம் வந்தோம். "வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கும்வரை தனி வாகனம்" என்ற உங்கள் எழுத்துமூல உறுதிப்பாட்டைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம்.

அந்தத் தனி வாகனம் கல்லடியிலேயே இல்லாமல் போனது. வந்த வானில் ஏற்கனவே காத்தான்குடியில் ஏறிய ஆட்கள் இருந்தார்கள். பிறகு ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் நின்று நின்று ஆட்களை ஏற்றினார்கள். கடைசியில் மகள் என் மடியிலும் மகன் தகப்பனின் மடியிலுமாகக் கட்டுநாயக்க வரை போனோம். புணானை தாண்டிய பிறகு யானை வீதியில் நின்றதால் வானை நிறுத்தி விளக்கைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தோம். அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வீதியில் இரவில் போகிற எல்லாருக்கும் அது தெரிந்த விசயம். சாரதி பொறுமையான மனிதர், அவரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கென்று காசு வாங்கிய இருக்கைகளை இன்னொருவருக்கும் விற்றது யானை இல்லை.

சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. இரவு விமானத்தில் போய்க் காலையில் இறங்குகிற பிள்ளைக்கு அது அரைத் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரித்தான். ஹோட்டல் அறை பின்னேரம்தான் கிடைக்கும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அன்றைக்கே மெர்லயன் சிலை, பூங்கா என்று பஸ் சுற்று வைத்திருந்தீர்கள். மகள் வரவேற்பு மண்டபத்துத் தரையில் சூட்கேஸில் தலைவைத்துத் தூங்கினாள். அவளை எழுப்பிப் பஸ்ஸில் ஏற்று, அல்லது சுற்றைக் கைவிடு, வேறு வழி இல்லை என்றார் உங்கள் வழிகாட்டி. நாங்கள் கைவிட்டோம். அந்தச் சுற்றுக்கான பணத்தையும் நீங்கள் திருப்பித் தரவில்லை.

யூனிவர்சல் ஸ்டூடியோஸ் என்ற தீம் பார்க் போன நாளை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளுக்காக நாங்கள் போனது அந்த ஒரு நாளுக்காகத்தான். காலை வந்தது பெரிய சுற்றுலா பஸ். பல ஹோட்டல்களில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு, செந்தோசாத் தீவுக்குள் நுழையும்போது மத்தியானம் கிட்டிவிட்டது. மகளின் தள்ளுவண்டியைப் பார்த்து "ஸ்ட்ரோலருக்கு இடமில்லை, ஹோட்டலில் வைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளையை அந்த வெயிலில் நாள் முழுக்க இடுப்பில் சுமந்தோம். உள்ளே ஸ்ட்ரோலர் வாடகைக்குக் கிடைக்கும் என்பதைக்கூட வழிகாட்டி சொல்லவில்லை, வெளியே வரும் வழியில்தான் நாங்களாகக் கண்டோம். நாலு மணிக்கு பஸ்ஸடியில் நிற்க வேண்டும் என்று கட்டளை. பூங்கா அதற்குப் பிறகும் திறந்திருந்தது, வெயில் தணிந்து பிள்ளைகள் விளையாடக்கூடிய நேரமே அப்போதுதான் தொடங்கியது. பூங்காவுக்குள் 2025 பெப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட் என்ற பகுதியைத்தான் மகன் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். அதன் வாசலில் நின்று படம் எடுக்க மட்டும் நேரம் இருந்தது.

விளையாட்டுகளில் ஏற வேண்டிய உயர விசயத்துக்கு வருகிறேன். உங்கள் விளம்பரத் தாளில் "எல்லா விளையாட்டுகளும் உள்ளடக்கம்" என்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கையை உயர்த்திச் சிரிக்கிற படம். அந்தத் தாளைக் காட்டித்தான் மகனுக்கு ஆசையை வளர்த்தோம். மம்மி விளையாட்டுக்கு 122 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125. மகன் 112. உயரக் கம்பின் முன்னால் அவன் கன்னத்தை உள்ளே இழுத்து, குதிக்காலை உயர்த்தி, மூச்சுப் பிடித்து நின்றான். அங்கே நின்ற பெண் குனிந்து அவனுடைய குதியை மெல்லத் தரையில் அழுத்தினார், பிறகு தலையை ஆட்டினார். அவர் செய்தது சரி, அந்த விதி பிள்ளையின் உயிருக்காக. டிரான்ஸ்போமர்ஸுக்கு 102 போதும், அதில் அவன் ஏறினான், இறங்கி வந்து தகப்பனிடம் விடாமல் கதை சொன்னான். இந்த இலக்கங்கள் ஒன்றும் இரகசியம் இல்லை, பூங்கா எல்லாருக்கும் தெரிய எழுதியே வைத்திருக்கிறது. அதில் இரண்டு வரியைத் தாளில் போட்டிருந்தால் மகனை முன்பே தயார்படுத்தியிருப்போம், மகளுக்கு ஏற்ற சின்ன ராட்டினத்துக்கும் செசமி ஸ்ட்ரீட் பக்கத்துக்கும் நேராகப் போயிருப்போம்.

இனி எனக்கு அதிகம் கோபம் தருகிற விசயம். கடைசி நாளுக்கு முதல்நாள், பஸ்ஸுக்குப் பதிலாகச் செயலி வழியாக ஒரு காரைப் பதிவு செய்து அனுப்பினீர்கள். சாரதி இறங்கி வந்து பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளை இருக்கை எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏற்ற மறுத்துவிட்டார். அங்கே 1.35 மீற்றருக்குக் குறைந்த பிள்ளையை அதற்குரிய இருக்கை இல்லாமல் காரில் ஏற்றுவது சட்டப்படி குற்றம். டாக்ஸிக்கு மட்டும் அதில் விலக்கு இருக்கிறது, இந்த மாதிரி வாடகைக் கார்களுக்கு இல்லை. பிள்ளை இருக்கையோடு வரும் காரை அதே செயலியில் தனியாகக் கேட்கவும் முடியும். உங்கள் அலுவலகத்துக்கு அழைத்தபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? "மடியில் வைத்துச் சமாளியுங்கள், சாரதிக்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கள்." அந்நிய நாட்டில் ஒரு தொழிலாளியைச் சட்டத்தை மீறச் சொல்லி, என் பிள்ளைகளின் உயிரையும் பணயம் வைக்கச் சொன்ன பேச்சு அது. சின்னப் பிள்ளைகளுக்கென்றே சுற்றுலா விற்கிற நிறுவனத்துக்கு இந்தச் சட்டம் தெரியாமல் இருக்க முடியாது. தெரியாதென்றால் விற்கக் கூடாது. நாங்கள் டாக்ஸி பிடித்து எங்கள் காசில் போனோம், பற்றுச்சீட்டு இணைத்திருக்கிறேன்.

அன்று மாலை சிராங்கூன் வீதியில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். அங்கே கண்ட ஒரு அம்மாவிடம் நாங்கள் பட்ட கஷ்டத்தைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். "ஏம்மா, பக்கத்துல லிட்டில் இந்தியா ஸ்டேஷன் இருக்கே, ஊதாக் கோட்டுல ஏறுனா மாறவே தேவையில்ல, கடைசி ஸ்டேஷன்ல இறங்குங்க" என்றார். அவர் சொன்னபடி ஊர் திரும்ப முதல் நாங்கள் செந்தோசாவுக்கு மீண்டும் போனோம், கடற்கரையைப் பார்க்க மட்டும். லிட்டில் இந்தியாவில் மின்தூக்கியில் ஸ்ட்ரோலரோடே இறங்கி ரயில் ஏறினோம். ஹார்பர்ஃபிரண்டில் இறங்கினோம். அதோடு சேர்ந்திருக்கிற விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் மோனோரயில். அடுத்த நிறுத்தமே யூனிவர்சல் ஸ்டூடியோஸின் வாசலடி. மோனோரயிலுக்கு ஆளுக்கு நாலு சிங்கப்பூர் டொலர், திரும்பி வர ஒன்றும் இல்லை. நடந்து போக விரும்பினால் கடலின் மேல் பலகைப் பாதை இருக்கிறது, அதற்குக் கட்டணமே இல்லை. ரயிலில் அறிவிப்புத் தமிழிலும் வந்தது, மகன் அதைக் கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான். அங்கே பொதுப் பஸ்ஸில்கூட 2017 முதல் ஸ்ட்ரோலரை மடிக்காமல் கொண்டுபோகலாம் என்று பிறகு அறிந்தேன். நீங்கள் எங்களைத் தங்கவைத்த ஹோட்டலிலிருந்து ரயில் நிலையம் நடந்து போகிற தூரம். ஒரு துண்டில் இந்த வழியை எழுதித் தந்து பஸ்ஸையே விட்டிருந்தால் பூங்காவில் எங்களுக்கு முழுநாள் கிடைத்திருக்கும், உங்களுக்கும் செலவு குறைந்திருக்கும்.

ஆகவே பிள்ளைகளின் வயதைக் காரணம் காட்ட வேண்டாம். அந்த ஊரின் ரயில், மின்தூக்கி, சட்டம், பூங்காவின் உயரக் கம்பு எல்லாமே இந்த வயதுப் பிள்ளைகளைக் கணக்கில் எடுத்திருக்கின்றன. உங்கள் ஏற்பாடுதான் எடுக்கவில்லை.

மற்றது, நுழைவுச்சீட்டு. யூனிவர்சல் ஸ்டூடியோஸில் நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. நாலு முதல் பன்னிரண்டு வரைதான் சிறுவர் சீட்டு. உங்கள் பற்றுச்சீட்டில் மகளின் பெயரில் சிறுவர் சீட்டுக் கட்டணம் அறவிடப்பட்டிருக்கிறது. வாசலில் அவளுக்கென்று எந்தச் சீட்டையும் யாரும் கேட்கவில்லை, உங்கள் வழிகாட்டி தரவும் இல்லை. பாஸ்போர்ட் பிரதி உங்கள் கையில் இருக்க இந்தப் பணம் எந்தக் கணக்கில் போனது என்று எழுத்தில் பதில் வேண்டும்.

நான் முழுப் பணத்தையும் கேட்கவில்லை. விமானம் நேரத்துக்குப் போனது, ஹோட்டல் அறை சுத்தமாக இருந்தது, சாப்பாட்டிலும் குறை இல்லை. மகளின் பெயரில் எடுத்த நுழைவுக் கட்டணம், தனி வாகனம் என்று வாங்கிய பணத்துக்கும் பகிர்வு வாகனத்துக்கும் உள்ள வித்தியாசம், முதல்நாள் கைவிட்ட சுற்றுக்கான தொகை, டாக்ஸிச் செலவு, இவ்வளவையும் திருப்பித் தாருங்கள். அதோடு "எல்லா விளையாட்டுகளும் உள்ளடக்கம்" என்ற வரியை எடுத்துவிட்டு உயர எல்லைகளையும் இலவச வயதையும் தமிழில் அச்சிடுங்கள். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இருக்கை உள்ள வாகனம் அனுப்புவீர்களா, டாக்ஸியா, ரயிலா என்பதையும் பணம் வாங்க முதலே சொல்லுங்கள். மாமி மாதிரிப் பெரியவர்களைச் சமாதானப்படுத்தி, கைமாற்று வாங்கி, நகை அடகு வைத்துக்கூட எங்கள் பகுதியில் இருந்து குடும்பங்கள் இந்தப் பயணத்துக்குப் புறப்படுகின்றன. அவர்களுக்கு இந்தத் தகவல் முதலிலேயே கிடைக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்து பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு செய்வேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் உங்கள் பதிலுக்காக நான் அதிகம் காத்திருக்க முடியாது.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தாய், உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: எழுத்துமூல உறுதிப்பாட்டின் பிரதி, கட்டணப் பற்றுச்சீட்டு, விளம்பரத் தாள், டாக்ஸிப் பற்றுச்சீட்டு, மகளின் கடவுச்சீட்டுப் பிரதி