அடுப்பங்கரையைத் திறந்துவிட்ட அக்காவுக்கு

நேற்று, 2020 ஜூன் 19, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் எங்கள் சேலைக்கடையின் இரும்புக் கதவைத் தூக்கினோம். 73 நாள் பூட்டிக் கிடந்த கடை. உள்ளே போனதும் புதுத்துணி வாசனையும் தூசியும் சேர்ந்து மூக்கில் ஏறின. கணக்குப் புத்தகத்தை எடுத்து என் இடத்தில் உட்கார்ந்தேன், கண் கலங்கிவிட்டது. நேற்று இரவே இதை எழுத நினைத்தேன், முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

கோவிட் தொற்றுக்காகக் கடைகளையும் பள்ளிகளையும் மூடி எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொன்ன சர்க்கியூட் பிரேக்கர் நாட்களைப் பற்றி இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் அதற்குள்தான் இருந்தோம். நன்றி சொல்ல வேண்டியவர்களும் நிறையப் பேர். ஆனால் முதல் நன்றி, ஈசூனில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

வாடகை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலிலிருந்து பாதிச் சம்பளம்தான் என்று தெரிந்த அன்று மாலையே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "சரி, ரெண்டு மாசம் பாதி வாடகை கொடு, மீதிய மெதுவா கொடு" என்றார். பள்ளி நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பாக்கி 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஜூலையிலிருந்து மாதம் 100 வெள்ளி என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். "அதுல கை வைக்காத, நாளைக்கு வேற வீடு போனா உனக்கு அதுதான் வேணும்" என்று மறுத்துவிட்டார்.

இதை அவர் செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தற்காலிக நடவடிக்கைகள் சட்டம், வாடகை கட்ட முடியாத கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பாதுகாப்பு கொடுத்தது. குடியிருக்கும் வீட்டுக்கும் அறைக்கும் அது பொருந்தாது. என்னைப் போன்றவர்களின் நிலைமை முழுக்க முழுக்க வீட்டுக்காரரின் மனசைப் பொறுத்ததாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் அக்கா ஒரு பள்ளியில் உணவுக்கடை வைத்திருப்பவர். ஏப்ரல் 8 அன்று பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க ஆரம்பித்ததும் அவருடைய வியாபாரமும் நின்றுபோனது. அந்த மாதங்களில் அவருக்கு ஓரளவு நிச்சயமாக வந்த வருமானம் என்னுடைய அறை வாடகைதான். அதில் பாதியைத்தான் எனக்காக ஒத்திவைத்தார்.

ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தது வாடகையைப் பற்றி அல்ல. ஒரு அலமாரித் தட்டைப் பற்றி.

நான் குடிவந்தபோது அக்கா தெளிவாகச் சொன்ன நிபந்தனை, சமைக்கக் கூடாது. கெட்டிலில் வெந்நீர் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்த ஊரில் அறை தேடிய எல்லோருக்கும் தெரிந்த நிபந்தனைதான். அதோடு, அக்காவின் அடுப்பங்கரை சாதாரண அடுப்பங்கரை இல்லை. நாள் முழுக்க ஊராருக்குச் சமைத்துவிட்டு வந்து தனக்கென்று அவர் நிற்கும் இடம் அது. கரண்டி எந்தப் பக்கம் பார்த்துத் தொங்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு கணக்கு உண்டு.

சம்பளம் பாதியானதும் வெளிச்சாப்பாடு கட்டுப்படியாகவில்லை. ரொட்டி, மேகி, மறுபடியும் ரொட்டி. காலிப் பொட்டலங்களை இரவில் கொண்டுபோய் அடுப்பங்கரைக் குப்பைத் தொட்டியில் போடுவேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பாத்திரச் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். அடுப்புக்கு இடப்பக்க அலமாரியில் இரண்டாவது தட்டை ஒழித்து, தமிழ் முரசுத் தாளை விரித்திருந்தார். அதன்மேல் ஒரு சின்ன இரும்புச் சட்டி, ஒரு எவர்சில்வர் குண்டான், ஒரு கரண்டி. பக்கத்தில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் மூன்று. ஒன்றில் கடுகு, ஒன்றில் உளுத்தம்பருப்பு, ஒன்றில் வெந்தயம். தட்டின் விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் என் பெயரை எழுதியிருந்தார்.

"காலைல எட்டு மணி வரைக்கும் நான். அப்புறம் அடுப்பு உன்னோடது. எண்ணெய் தெறிச்சா துடைச்சிடு, அது போதும்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

அன்று ரசம் வைத்தேன். தஞ்சாவூரிலிருந்து வந்த பிறகு என் கையால் வைத்த முதல் ரசம். அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். ஒவ்வொரு நாளும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு, என் பதிலை நம்பாமல் ஃபோனை வைத்துக்கொண்டிருந்தவர் அம்மா. அன்று ரசம் கொதிப்பதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் "அந்த அம்மாகிட்ட குடு" என்றார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சோங் பாங் சந்தைக்கு ஏப்ரல் 22 முதல் அடையாள அட்டையின் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். இரட்டைப்படைத் தேதியில் இரட்டை எண், ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றை எண். அக்காவுக்கு இரட்டை, எனக்கு ஒற்றை. இரண்டு வீட்டுக் காய்கறியாக இருந்தது அன்றிலிருந்து ஒரே பையானது. குடிமக்களுக்கு அரசாங்கம் கொடுத்த 600 வெள்ளி அவருக்கு வந்தபோது அரிசி மூட்டையைப் பெரியதாக வாங்கினார். "ரெண்டு பேர் இருக்கோம்ல" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

வேறு மாதிரியும் நடந்தது. பிப்ரவரியில் என் தோழி ஒருத்தி ஊருக்குப் போய்த் திரும்பியபோது, தொற்று வந்துவிடுமோ என்ற பயத்தில் அவளுடைய பெட்டியை வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார். வாடகைக்கு இருப்பவர்களை அப்படித் துரத்தக் கூடாது என்று அமைச்சுகள் சொல்லவேண்டிய நிலைமை வந்தது. பயம் எல்லோருக்கும் உண்டு. அக்காவுக்கும் இருந்தது, அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் கதவுப் பிடிகளைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஆனால் ஒருநாளும் என்னைத் தள்ளி நிற்கவைத்துப் பேசியதில்லை.

என் முதலாளிக்கு நன்றி, வெளிநாட்டு ஊழியர்களுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியில் தள்ளுபடி வந்ததும் அதை எங்கள் சம்பளத்துக்கே ஒதுக்கியதற்கு. மூன்றாம் மாடி மலாய் அம்மா, எங்கள் மக்சிக்குக்கு, நோன்புக் கஞ்சியை ஒருநாள் தவறாமல் கதவில் மாட்டிவிட்டுப் போனதற்கு. மளிகைக்கடை அண்ணனுக்கு, மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்து இங்கேயே மாட்டிக்கொண்ட தோழிக்கு, இரவுகளில் ஃபோனை எடுத்த எல்லோருக்கும்.

அறை வாடகைக்கு விடுகிறவர்கள் அதே வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதி. அதனால் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ், வெளியே போக முடியாமல் இருந்தோம். அக்கா விரும்பியிருந்தால் அறைக்கதவு வரைதான் என் எல்லை என்று வைத்திருக்கலாம். ஊரில் அப்பா கட்டிய வீட்டின் மாடி அறை ஒருநாள் என் பொறுப்பில் வரும். அங்கே குடிவரும் பெண்ணுக்கு முதல் நாளே அடுப்பங்கரையில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுப்பேன். இதை இங்கே எழுதிவைக்கிறேன், மறக்காமல் இருப்பதற்காக.

அக்கா, ஜூலை முதல் தேதி முதல் 100 வெள்ளி உங்கள் கையில் இருக்கும். நேற்று கடை முடிந்து வரும்போது தேக்காவில் கடுகு வாங்கினேன். என் பாட்டிலை நிரப்பிவிட்டு, உங்களுடையதையும் நிரப்பி வைத்திருக்கிறேன். எண்ணெய் தெறித்ததைத் துடைத்துவிட்டேன்.